வால் எலும்பும் தாய்மாமன் மடியும்

உடம்பில் கட்டி வருவதற்கு மரியாதையான இடங்கள் எத்தனையோ உண்டு. கழுத்தில் வந்தால் துண்டைச் சுற்றிக்கொண்டு சங்கீத வித்வான் மாதிரி நடமாடலாம். முழங்காலில் வந்தால் நொண்டி நொண்டி நாலு பேரின் அனுதாபத்தைச் சம்பாதிக்கலாம். எனக்கு வந்தது முதுகு முடிந்து, சபையில் பெயர் சொல்ல முடியாத பிரதேசம் தொடங்குகிற எல்லைக்கோட்டில். முதுகு என்று சொன்னால் பொய். உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். வால் எலும்பு என்று புத்தகங்களில் அதற்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நாலு பேர் நடுவில் நின்று “எனக்கு வால் எலும்பில் கட்டி” என்று சொல்லிப் பாருங்கள். வால் என்ற சொல் காதில் விழுந்தபிறகு மிச்சத்தை எவனும் கேட்கப் போவதில்லை.

முதலில் அது வேர்க்கடலை அளவில் இருந்தது. எனக்குக் கண்ணுக்கு எட்டாத இடம் என்பதால் பார்வையிடும் பொறுப்பு மனைவிக்குப் போனது. இத்தனை வருஷ இல்லறத்தில் என் எழுத்தைக்கூட அவள் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “சூடு” என்றாள். நம்மவர்களுக்கு வியாதி என்றால் சூடு, குளிர்ச்சி இரண்டுதான். மூன்றாவதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இளநீர் வந்தது. வெந்தயம் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் ஊற்றி, அதில் என்னை உட்காரச் சொன்னாள். மும்பை செம்பூரில் எங்கள் குளியலறை ஒருவர் நின்றால் இன்னொருவர் மூச்சுவிட முடியாத அளவு. அதற்குள் ஒரு டப்பு, டப்புக்குள் ஐம்பதை நெருங்கும் ஓர் ஆண், அவன் கையில் நனையாமல் தூக்கிப் பிடித்த ஒரு தடிப் புத்தகம். கட்டி மட்டும் எலுமிச்சை அளவுக்கு முன்னேறியது.

அலுவலகத்துக்கு ஹார்பர் லைனில் போய்வருகிறவன் நான். மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்காவதாக ஒருவன் ஓரத்தில் ஒட்டிக்கொள்வது இந்த ஊர் ரயிலில் எழுதப்படாத சட்டம். நாலாவது சீட் என்பார்கள். உடம்பில் ஒரு பாதி பலகையிலும் மறுபாதி ஆகாயத்திலுமாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் நாலாவது சீட்காரன். முழு சீட்டில் உட்கார்ந்து போகிறவர்களை ஜமீன்தார்கள் என்றுதான் நினைத்துவந்தேன். இத்தனை வருஷமாக எனக்குக் கிடைக்காத முழு சீட், கட்டி வந்த வாரம் தினமும் கிடைத்தது. ஏறியவுடன் எனக்கு எதிரே எவனாவது எழுந்து இறங்கிப் போனான்.

“அரே அங்கிள், பைட்டோ நா!” என்று பக்கத்தில் இருந்தவன் உட்காரச் சொல்லி இழுத்தான்.

“டீக் ஹை” என்று மறுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“க்யா ஹுவா? பைட்னே கா பீ உப்வாஸ்?” என்றான். உட்காருவதற்குக்கூட விரதமா என்று பெட்டியே சிரித்தது. ஆமாம் என்று சொல்லி வைத்தேன். மும்பையில் எதையும் விரதம் என்றால் நம்புவார்கள், கூடவே கொஞ்சம் மரியாதையும் தருவார்கள்.

இந்த விரதம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிய வேண்டியிருந்தது. அன்றைக்கு என் தங்கை மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்து. இரண்டுமே தாய்மாமன் மடியில் நடக்க வேண்டும். தாய்மாமன் நான் ஒருவன்தான்.

என் தங்கை கோபர்கைரனேயில் இருக்கிறாள். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தவள். அந்த வருஷங்களில் தாராவியிலும் வடாலாவிலும் நடந்த சொந்தக்காரர்களின் விசேஷம் ஒன்றையும் அவள் விட்டதில்லை. போய் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவாள். ஆரத்தித் தட்டை எடுக்கப் போனால், “நீ இருத்தா, அவ எடுத்துக்கிடுவா” என்று யாராவது நயமாகத் தட்டை வாங்கிக்கொள்வார்கள். அந்த நயத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. கடைசியில் அவளுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இப்போது அதற்கு முறைப்படி, வரிசைப்படி, ஒன்றுவிடாமல் எல்லாம் நடக்க வேண்டும் என்று நின்றாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் இல்லை. அவளுடைய பிறந்த வீடு என்பது மொத்தமாக நானும் என் மடியும்தான்.

“அண்ணே, நீ சீரு செனத்தி ஒண்ணும் செய்ய வேண்டாம். பிள்ளைய மடியில வச்சு உக்காந்தாப் போதும்” என்று போனில் சொன்னாள். உலகத்தில் எனக்கு அப்போது முடியாத ஒரே காரியத்தைத்தான் அவள் கேட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளும் அவள் நாத்தனாரும் வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். நாத்தனார் என் தங்கை கணவரின் அக்கா. தாராவியில் எங்கள் சனங்களுக்குள் எது முறை, எது முறையில்லை என்பதில் கடைசித் தீர்ப்பு அவருடையது. மேல்முறையீடு கிடையாது.

இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். நான் நின்றேன்.

“நீங்களும் உக்காருங்க” என்றார் நாத்தனார்.

“இருக்கட்டும். ஆபீஸ்ல நாள் பூரா உக்காந்தே இருக்கேன்” என்றேன்.

“உக்காந்து தட்டை வாங்கிக்கோண்ணே” என்றாள் தங்கை.

“நின்னு வாங்கினாத்தான் மரியாதை” என்று நின்றே வாங்கினேன். நின்றே குழந்தையைப் பற்றி விசாரித்தேன். நின்றே காபி குடித்தேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் வீட்டுக்காரன் உட்காராமல் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சீக்கிரம் கிளம்புங்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் எலுமிச்சை இப்போது சாத்துக்குடியாகி, தனக்கென்று ஒரு நாடித்துடிப்போடு வாழத் தொடங்கியிருந்தது.

நாத்தனார் டம்ளரைப் பாதியில் வைத்தார். “கெளம்புவோம் தாயி. பிள்ளையோட மாமாவுக்கு அவசர சோலி இருக்கும்போல. வந்ததுலேந்து வாட்ச்மேன் கணக்கா நின்னுக்கிட்டே இருக்காவ” என்று தங்கையிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். “தோதுப்படலைன்னா கூச்சப்படாமச் சொல்லிருங்க. எங்க வீட்டுக்காரவுகளும் பிள்ளைக்கு மாமா முறைதான். அவுக மடியும் மடிதான்.”

லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன். நாத்தனார் உள்ளே ஏறியதும் தங்கை கதவைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“வர இஷ்டமில்லைன்னா எங்கிட்ட நேராச் சொல்லிருண்ணே.”

“ஏட்டி, முதுகு வலிட்டி.”

“நான் கூப்பிட்டாத்தான் உனக்கு முதுகு வலிக்கும்” என்றாள். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். “இப்பவாவது சொல்லித் தொலைங்க.”

“சொன்னா? சீழ் வச்ச உடம்போட மணையில உக்காரக் கூடாதுன்னு அந்தம்மா ஒரே நிமிஷத்துல தீர்ப்புச் சொல்லிரும். அப்புறம் அவங்க வீட்டுக்காரர் மடிதான். மடி கெடச்சாலும் பிறந்த வீட்டுல ஆள் இல்லாதவன்னு இவளுக்குப் பேரு வந்துரும்.”

“உக்காரவே முடியாத ஆளு, உக்காந்தே தீருவேன்னு நிக்கிறிய” என்றாள் அவள். நிலைமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

மறுநாள் காலை மாட்டுங்காவில் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அறை முழுக்கப் புத்தகம் வைத்திருந்தவர். சாதாரணமாக இருந்தால் அலமாரிக்கு முன்னால் நின்று ரசித்திருப்பேன். அன்றைக்கு அவர் மேஜையில் குப்புறப் படுத்தபடி அடித்தட்டுப் புத்தகங்களை மட்டும் ரசித்தேன்.

“எத்தனை நாளா வெச்சிண்டிருக்கேள் இதை?” என்று கேட்டார், ஏதோ நான் ஆசையாக வளர்ப்பது போல. “சின்ன முடி ஒண்ணு தோலுக்குள்ள போய் மாட்டிண்டிருக்கும். அதைச் சுத்திச் சீழ் கோத்துண்டிருக்கு. உட்கார்ந்தே இருக்கறவாளுக்கு வர்றதுதான். இப்பவே கீறி விட்டுடறேன்.”

ஆயுள் முழுக்கப் பாதி சீட்டில் உட்கார்ந்தவனுக்கு முழு வியாதி. நியாயம்தான்.

“ஞாயித்துக்கிழமை காது குத்து இருக்கு டாக்டர்” என்றேன் தலையணைக்குள்.

“யாருக்கு? உங்களுக்கா?”

“தங்கச்சி பொண்ணுக்கு. என் மடியில வச்சு.”

அவரும் தமிழர்தான். “கீறினா ஞாயித்துக்கிழமை உங்களால உட்கார முடியாது. கீறாட்டாலும் ஞாயித்துக்கிழமை உட்கார முடியாது. எது வேணும்?”

“கீறாம உட்கார முடியாமப் போறது.”

“இது சுத்த முட்டாள்தனம்னு ஒரு சர்டிஃபிகேட் எழுதித் தரட்டுமா?” என்றார். எழுதியது மாத்திரைச் சீட்டுதான். காய்ச்சல் அடித்தால் அந்த நிமிஷமே வர வேண்டும், திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக நான் அந்த மேஜையில் படுத்திருக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லாமல் என் மனைவியிடம் சொன்னார். விவரம் தெரிந்தவர்.

மருந்துக் கடையில் நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் காற்று வளையம் ஒன்று தொங்கியது. என் போன்ற பாவிகளுக்காகச் செய்தது. வாங்கலாமா என்று மனைவி கேட்டாள். மேடையில் மணைமேல் அந்த வளையத்தை வைத்து, அதன்மேல் பட்டுக்கரை வேட்டியோடு நான் இறங்குவதையும், நாத்தனார் அதை எட்டிப் பார்ப்பதையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. தாராவியில் கோயிலை ஒட்டிய கூடம். வேட்டிக்குள் மனைவி ஒரு பழைய துண்டை மடித்து வைத்து அனுப்பியிருந்தாள். தங்கை என்னைப் பார்த்ததும், “வந்துட்டியா” என்றாள். கேள்வியா, ஆச்சரியமா என்று தெரியாத குரல். நாத்தனாரின் வீட்டுக்காரர் முதல் வரிசையில் சலவை வேட்டியோடு, விரிந்து பரந்த மடியோடு, மாற்று ஆட்டக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மேடையில் கோலம் போட்ட மரமணை. அதில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். நான் உட்கார்ந்த விதத்தை உட்கார்ந்தேன் என்று ஒரே வார்த்தையில் சொன்னால் அந்த உழைப்பை அவமதித்ததாகும். முதலில் முழங்கால், பிறகு ஒரு கை, பிறகு ஒரு பக்கத் தொடை, கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சம். கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. மூச்சை விடுவதற்குள் வீடியோக்காரர் கையை ஆட்டினார்.

“சார், ஏக் பார் ஃபிர்சே! ஆங்கிள் சரியில்ல. எந்திரிச்சு மறுபடி உக்காருங்க.”

இந்தக் கைகளால் நான் ஒரு கொசுவைக்கூட வேண்டுமென்று கொன்றதில்லை. அன்றைக்கு ஒரு வீடியோக்காரரைக் கொல்ல இருந்தேன். ஆனால் தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அந்த வீடியோவில் என் முகத்தைப் பார்த்தவர்கள் மாமனுக்கு என்ன பக்தி என்கிறார்கள்.

குழந்தையை மடியில் வைத்தார்கள். காத்திருந்து பெற்ற பிள்ளை, ஆசை ஆசையாக ஊட்டி வளர்த்தது, நல்ல கனம். முதலில் மொட்டை. முடி என் மடியெல்லாம் கொட்டியது. ஒற்றை முடி என்ன செய்யும் என்று மருத்துவரிடம் கேட்டறிந்தவன் நான். அந்தக் குவியலைச் சிறுத்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். குழந்தை மட்டும் சமர்த்தாக இருந்தது. பிறகு ஆசாரி வந்து உட்கார்ந்தார். சந்தனத்தால் காதில் பொட்டு வைத்தார். தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

முதல் குத்து விழுந்தது. குழந்தை ஒரு நொடி வாயைத் திறந்தபடி சத்தமே இல்லாமல் இருந்தது. பிறகு இரண்டு குதிகாலையும் என் தொடையில் ஊன்றி அப்படியே எழும்பி, முழு எடையோடு என் மடியில் விழுந்தது.

என் கட்டி உடைந்தது.

அந்த நிமிஷத்தை எழுதுவதற்கு என்னிடம் பாஷை இல்லை. ஒரு வாரமாக அந்த இடத்தில் குடியிருந்த உலை அணைந்துவிட்டது. வலி குறையவில்லை, இல்லாமலேயே போயிற்று. ஞானம் என்று எத்தனையோ புத்தகங்களில் படித்து, ஒன்றும் புரியாமல் மூடி வைத்திருக்கிறேன். இதுதான் அது என்றால் நான் பெற்றுவிட்டேன், எங்கே பெற்றேன் என்றுதான் சொல்ல முடியாது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

நாத்தனாரின் குரல்தான் முதலில் எழுந்தது.

“பாத்தியளா! பிள்ளைக்குக் குத்துனா மாமாவுக்குல்லா வலிக்கி!”

பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். இரண்டாவது காதைக் குத்தும்போது குழந்தை அலறியது, நான் புன்னகைத்துக்கொண்டிருந்தேன். அதையும் யாரோ மெச்சினார்கள். ஆரத்தி எடுத்தார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டார்கள், எல்லோரும் பந்திக்கு நகர்ந்தார்கள். அப்போதுதான் உடைந்தது எதுவோ அது எங்கேயாவது போயாக வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. மடித்து வைத்த துண்டு தன் கடமையைச் செய்து முடித்துக் கைவிட்டிருந்தது. வெள்ளை வேட்டி. பின்பக்கம் வெதுவெதுவென்று ஈரம். ஒரு வாரமாக உட்கார முடியாமல் நின்றவன், இனி எழுந்திருக்க முடியாது.

மனைவி பந்தி பரிமாறுகிற பக்கம் இருந்தாள். தங்கைதான் வந்தாள்.

“எந்திரிண்ணே, சாப்பிடப் போவோம்.”

“முடியாது.”

அவள் முகம் இறுகியது. “இப்ப என்ன கொறை வச்சிட்டோம்?”

“கிட்ட வா” என்றேன். குனிந்தாள். “கட்டி உடஞ்சிட்டு.”

“என்ன கட்டி?”

“முதுகுன்னு சொன்னேன்லா. அது முதுகு இல்ல. கொஞ்சம் கீழ. பின்னாடி பாரு.”

மேடையில் கிடந்த தேங்காயை எடுப்பதுபோல என் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் பார்த்த பார்வையில் வியாழக்கிழமை சாயங்காலம் முழுவதும் ஓடியது தெரிந்தது: நான் நின்றது, நின்றே தட்டு வாங்கியது, நின்றே காபி குடித்தது.

“இத வச்சுக்கிட்டா ரெண்டு தடவ உக்காந்த?” என்றாள்.

“வீடியோக்காரன் கேட்டான்.”

“லூசாண்ணே நீ?” என்றாள். குரல் உடைந்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. “சிரிக்க வைக்காதட்டி” என்று கெஞ்சினேன்.

“என்ன அங்கன? மாமாவ மொதப் பந்திக்கு வரச் சொல்லு” என்று நாத்தனார் மேடையை நோக்கி வந்தார்.

தங்கை எழுந்து, எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். இத்தனை வருஷம் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்:

“அண்ணன் இப்ப எந்திரிக்க மாட்டாவ மைனி. எங்க வீட்டு வழக்கம். பிள்ளைய மடியில வச்ச தாய்மாமன் கடைசிப் பந்தி சாப்பிட்டு எந்திரிச்ச பொறவுதான் மணைய விட்டு எறங்கணும்.”

அப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டிலும் இல்லை, வேறு எந்த வீட்டிலும் இல்லை. நாத்தனார் எங்களை மாறி மாறிப் பார்த்தார். முறை தெரிந்தவர் என்று பெயரெடுத்தவரால் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

“தெரியாம என்ன” என்றார். “எங்க ஊர்லயும் உள்ளதுதான். இந்தக் காலத்துல யாரு செய்யுதா?” பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பி, தன் வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: “இதெல்லாம் ரத்தச் சொந்தம் செய்யணும்.”

கடைசிப் பந்தி முடியும்வரை நான் மணையில் வீற்றிருந்தேன். வடை வாசனை வந்து போனது. தாய்மாமன் அதுவரை பாலைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்று நாத்தனார் தாமாகவே ஒரு விதியைச் சேர்த்தார். தெரியாதவர்கள் இரண்டு பேர் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தங்கை சாப்பிடப் போகவில்லை. குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டு என் பின்பக்கமாக, பார்வை படாதபடி மறைத்து உட்கார்ந்திருந்தாள். கூடம் காலியானதும் மனைவி ஒரு சால்வையைக் கொண்டுவந்து என் இடுப்பில் சுற்றினாள்.

மருத்துவர் மறுநாள் திட்டிக்கொண்டே மிச்சத்தைச் சுத்தம் செய்தார். உடைந்துவிட்டதால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தவனுக்கு, புண் அடியிலிருந்து ஆறும்வரை வாரக்கணக்கில் கட்டு மாற்ற வேண்டும் என்பதையும் சொன்னார். நான் குப்புறப் படுத்துக் கிடந்த நாட்களில் தங்கை அடிக்கடி வந்துபோனாள். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். முதுகு பரவாயில்லை என்பேன்.

இந்த வருஷம் நாத்தனாரின் பேரனுக்கு விக்ரோலியில் காது குத்து. நானும் போயிருந்தேன். முழு நாற்காலியில் முழுதாக உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஆரத்தித் தட்டோடு நின்றவள் என் தங்கை. முறை தெரிந்தவள் என்று நாத்தனாரே கூப்பிட்டு அவளை முன்னால் நிறுத்தியிருந்தார். தாய்மாமன் கல்யாணமாகாத இளவட்டம், ஒரு நோய்நொடி இல்லாத உடம்பு. காது குத்தி முடித்ததும் சாப்பாட்டு வாசனை வந்த திசையில் எழுந்தான். தங்கை அவன் தோளில் கைவைத்து அமுக்கி மணையில் திரும்ப உட்காரவைத்தாள்.

“கடைசிப் பந்தி முடியட்டும் தம்பி.”

“எதுக்குக்கா? யாரு சொன்னா இப்படி?”

“அதெல்லாம் கேக்கக் கூடாது. வழக்கம்” என்றாள். என் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் இரண்டு பேருமே மாட்டியிருப்போம்.